தஞ்சையில் ஓர் இசைப் பயணம்

ஒரு நகரத்தைப் பல வழிகளில் சுற்றிப் பார்க்கலாம். சிலர் பழைய கட்டடங்களைப் பார்க்கச் செல்கின்றனர். சிலர் உணவைச் சுவைக்கச் செல்கின்றனர். இசையைத் தேடிச் செல்வோரும் உலகில் பலர் உள்ளனர். ஆஸ்திரியா நாட்டின் தலைநகரான வியன்னாவுக்கு ஆண்டுதோறும் இத்தகைய பயணிகள் திரளாக வருகின்றனர். மோசார்ட் வாழ்ந்த வீடு, பேத்தோவன் அடக்கம் செய்யப்பட்ட கல்லறைத் தோட்டம், 1869ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஓபரா அரங்கம் ஆகியவற்றை அவர்கள் பார்வையிடுகின்றனர். மாலையில் அதே அரங்கில் குறைந்த விலைச் சீட்டு வாங்கி, நின்றபடியே இசை நாடகத்தைக் கண்டு மகிழ்கின்றனர்.

தமிழர்களுக்கும் அப்படி ஒரு நகரம் உண்டு. அதுதான் காவிரி பாயும் தஞ்சாவூர். பேராக் மாநிலத் தமிழர்களுக்கும் தஞ்சைக்கும் நெருங்கிய தொடர்பு உள்ளது. கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டில் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட பின்னர், நாளடைவில் பேராக் எங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களில் பால்மரம் வெட்ட வந்த தமிழர்களில் பலர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள். நாகப்பட்டினம் அக்காலத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த துறைமுகமாக இருந்தது. ஆகவே, ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்குத் தஞ்சை என்பது பாட்டன் பாட்டி பேசிய ஊராகும். இன்று கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு நேரடி விமானம் செல்கிறது. அங்கிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்திலோ தொடர்வண்டியிலோ எளிதில் சென்றுவிடலாம்.

கல்லில் பொறித்த பெயர்கள்

தஞ்சையில் இசைப் பயணத்தைப் பெரிய கோயிலிலிருந்து தொடங்குவதே முறை. முதலாம் இராசராச சோழன் எழுப்பிய இக்கோயிலின் திருப்பணி 1010ஆம் ஆண்டில் நிறைவுற்றது. வானளாவிய விமானத்தைப் பார்த்து வியப்பவர்கள், அதன் சுவர்களிலும் திருச்சுற்றிலும் உள்ள எழுத்துகளைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அக்கல்வெட்டுகள் சோழர் காலத்து இசை உலகின் வருகைப் பதிவேடு போன்றவை.

கோயிலில் தேவாரத் திருப்பதிகங்களை நாள்தோறும் பாடுவதற்கு 48 பேர் அமர்த்தப்பட்டனர். அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிக்க ஒருவரும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரும் இருந்தனர். இந்த 50 பேருக்கும் நாள்தோறும் அளக்க வேண்டிய நெல்லின் அளவையும் அரசன் கல்லில் பொறிக்கச் செய்தான்.

ஆடலுக்கும் பாடலுக்கும் சோழ நாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்கள் தஞ்சைக்கு வரவழைக்கப்பட்டனர். கல்வெட்டு அவர்களைத் ‘தளிச்சேரிப் பெண்டுகள்’ என்று அழைக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வழங்கப்பட்டன. ஒவ்வொரு பெண்ணின் பெயர், அவர் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார் என்னும் செய்திகள்கூட அங்கே உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நடனக் கலைஞரின் வீட்டு முகவரியை இன்றும் படிக்க முடிகிறது என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று. அவர்களோடு நட்டுவனார்கள், பாடுவோர், குழல் ஊதுவோர், முழவு கொட்டுவோர் ஆகியோரின் பெயர்களும் இடம்பெற்றுள்ளன.

கருவறையைச் சுற்றியுள்ள மேல்தளத்தில் நாட்டியக் கரணங்களின் சிற்பங்கள் உள்ளன. நாட்டிய நூல் கூறும் கரணங்கள் 108. அவற்றுள் 81 மட்டுமே செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய 27 கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன.

அரண்மனைக்குள் பிறந்த கணக்கு

பெரிய கோயிலிலிருந்து சிறிது தொலைவில் தஞ்சை அரண்மனை உள்ளது. சோழர்களுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து நாயக்கர்களும் அவர்களுக்குப் பின் மராட்டியர்களும் தஞ்சையை ஆண்டனர். இவ்விரு மரபினரும் இசையை வளர்ப்பதில் ஒருவரையொருவர் விஞ்சினர். அரண்மனையில் உள்ள சங்கீத மகால் இசை விருந்துகளுக்காகவே அமைக்கப்பட்ட கூடமாகும்.

17ஆம் நூற்றாண்டில் இரகுநாத நாயக்கரின் காலத்தில் வீணை ஒரு புதிய வடிவம் பெற்றது. அதற்கு முன் வீணையின் மெட்டுகள் பாடும் இராகத்திற்கு ஏற்ப இடம் மாற்றி வைக்கப்பட்டன. இரகுநாதர் காலத்து வீணையில் 24 மெட்டுகள் நிலையாகப் பொருத்தப்பட்டன. ஓர் எண்ம நிலையில் 12 சுர இடங்கள் உள்ளன. எனவே, இரண்டு எண்ம நிலைகளுக்கு 24 மெட்டுகள் வேண்டும். இந்த அமைப்பினால் எந்த இராகத்தையும் மெட்டுகளை நகர்த்தாமலேயே வாசிக்க முடிந்தது.

அதே நூற்றாண்டில் வேங்கடமகி என்னும் அறிஞர் தஞ்சை அரசவையில் ‘சதுர்தண்டி பிரகாசிகை’ என்னும் நூலை எழுதினார். கருநாடக இசையின் 72 மேளகர்த்தா இராகங்களுக்கு அடிப்படையான கணக்கு அந்நூலில்தான் உள்ளது. அக்கணக்கு எளிமையானது. ஏழு சுரங்களில் ச, ப இரண்டும் மாறாதவை. ரி, க இரண்டும் இணைந்து 6 வகையாக வரும். த, நி இரண்டும் அவ்வாறே 6 வகையாக வரும். ம என்னும் சுரம் 2 வகைப்படும். இவற்றைப் பெருக்கினால் 6 × 6 × 2 = 72 கிடைக்கிறது. இசையும் கணிதமும் உடன்பிறப்புகள் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி 1798 முதல் 1832 வரை ஆட்சி செய்தார். சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கிய அவர், மேற்கத்திய இசையிலும் ஆர்வம் கொண்டிருந்தார். அவருடைய அவையில் வீணையும் மிருதங்கமும் ஒலித்த அதே காலத்தில் ஐரோப்பிய இசைக்குழுவின் கருவிகளும் ஒலித்தன. ஐரோப்பாவின் வயலின் தமிழகத்து இசையில் கலந்ததும் ஏறத்தாழ இக்காலத்தில்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்கு ஏற்ப வாசித்துக் காட்டினர். ஐரோப்பியர் நின்றுகொண்டு தோளில் வைத்து வாசிக்கும் வயலினை, இங்குள்ளவர்கள் தரையில் அமர்ந்து காலில் சாய்த்து வாசித்தனர். 1834ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள், தந்தத்தாலான வயலின் ஒன்றை வடிவேலுவுக்குப் பரிசளித்தார். முத்துசுவாமி தீட்சிதரோ ஆங்கிலேயப் படைக்குழுக்கள் இசைத்த மெட்டுகளுக்கு வடமொழியில் பாடல்கள் எழுதினார். ‘நோட்டுசுரம்’ எனப்படும் அப்பாடல்களுள் ஒன்று, ஆங்கிலேயரின் அரச வாழ்த்துப் பண்ணின் மெட்டில் அமைந்தது.

மேல வீதியில் ஒரு நடை

அரண்மனையிலிருந்து வெளியே வந்தால் தஞ்சையின் பழைய நான்கு வீதிகளையும் நடந்தே சுற்றி வரலாம். அவற்றுள் மேல வீதி இசை வரலாற்றில் தனியிடம் பெற்றது. அங்குள்ள பங்காரு காமாட்சி அம்மன் கோயிலில் வழிபாடு நடத்திய குடும்பத்தில் தோன்றியவர் சியாமா சாஸ்திரி. 1762 முதல் 1827 வரை வாழ்ந்த அவர், கருநாடக இசை மும்மூர்த்திகளுள் மூத்தவர்.

அதே வீதியில்தான் தஞ்சை நால்வர் வாழ்ந்த வீடும் உள்ளது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய இந்நால்வரும் உடன்பிறந்தவர்கள். பரம்பரை நட்டுவனார் குடும்பத்தினர். முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்றவர்கள். இன்று ஈப்போவில் ஒரு மாணவி பரதநாட்டிய அரங்கேற்றம் செய்தாலும், டொராண்டோவில் ஒரு மாணவி செய்தாலும், முதலில் அலாரிப்பு, பின்னர் சதிசுரம், சப்தம், வர்ணம், பதம், இறுதியில் தில்லானா என்னும் வரிசையையே பெரும்பாலும் பின்பற்றுகின்றனர். அந்த வரிசையை ஒழுங்குபடுத்தித் தந்தவர்கள் மேல வீதியின் இந்த நான்கு சகோதரர்களே.

பாடலால் நடக்கும் நாடகம்

ஐரோப்பாவில் ஓபரா என்னும் கலை 1600ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் பிறந்தது. கதைமாந்தர் பேச வேண்டியதையெல்லாம் பாடலாகவே பாடுவது அதன் சிறப்பு. முதலில் அரண்மனைகளில் நடைபெற்ற ஓபரா, 1637ஆம் ஆண்டில் வெனிசு நகரில் கட்டணம் செலுத்திப் பார்க்கும் பொது அரங்கிற்கு வந்தது.

தஞ்சைப் பகுதியிலும் இதற்கு இணையான இசை நாடகங்கள் தழைத்தன. மராட்டிய மன்னர் சகசி, திருவாரூர்த் தியாகராசப் பெருமான்மீது ‘பல்லக்கி சேவா பிரபந்தம்’ என்னும் இசை நாடகத்தைத் தெலுங்கில் இயற்றினார். சரபோசி மன்னரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் ‘சரபேந்திர பூபாலக் குறவஞ்சி’யைத் தமிழில் பாடினார். உலாவரும் மன்னரைக் கண்டு காதல் கொள்ளும் தலைவி, அவளுக்குக் கைபார்த்துக் குறி சொல்லும் குறத்தி, குறத்தியைத் தேடி அலையும் குறவன் என்று குறவஞ்சிக் கதை விறுவிறுப்பாகச் செல்லும். இந்நாடகம் பெரிய கோயில் வளாகத்திலேயே ஆடிக் காட்டப்பட்டது.

தஞ்சைக்கு அருகிலுள்ள மெலட்டூரில் பாகவத மேளா இன்றும் நடைபெறுகிறது. மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய நாடகங்களை, ஆண்டுதோறும் நரசிம்ம செயந்தியை ஒட்டி அவ்வூர் மக்கள் நடிக்கின்றனர். பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்கின்றனர். இரவில் தொடங்கும் பிரகலாதன் நாடகம் விடியும் வரை நீளும். நரசிம்மர் முகமூடியை அவர்கள் வெறும் நாடகப் பொருளாகக் கருதுவதில்லை. அதற்கு வழிபாடு செய்த பின்னரே அணிகின்றனர்.

தமிழ் இசை நாடகங்களுள் பெரும்புகழ் பெற்றவை இரண்டு. ஒன்று, அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனை. 1711 முதல் 1779 வரை வாழ்ந்து, சீர்காழியைத் தம் ஊராக்கிக் கொண்ட கவிராயர், இராமாயணம் முழுவதையும் பாமரரும் பாடக்கூடிய கீர்த்தனைகளாக்கித் திருவரங்கத்தில் அரங்கேற்றினார். மற்றொன்று, கோபாலகிருட்டிண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. தில்லையைக் காண ஏங்கும் பண்ணையாள் நந்தன். வயல்வேலையை முடிக்காமல் போகக்கூடாது என்று தடுக்கும் பண்ணையார். பெரியபுராணத்தில் இல்லாத அந்தப் பண்ணையாரைப் பாரதியார் புதிதாகப் படைத்தார். 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை வயல்களில் உழைத்த கூலி மக்களின் நிலையை அவர் கண்ணாரக் கண்டவர். அம்மக்களுள் பலர் அதே நூற்றாண்டில்தான் கடல் கடந்து கூலி வேலைக்குச் சென்றனர்.

திருவையாற்றில் ஒரு போராட்டம்

தஞ்சையிலிருந்து வடக்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் காவிரிக் கரையில் உள்ளது திருவையாறு. 1767ஆம் ஆண்டில் திருவாரூரில் பிறந்த தியாகராசர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கே கழித்தார். அரசவைப் பொருளை நாடாமல், இராமனைப் பாடியே எளிய வாழ்வு வாழ்ந்தார். அவர் பாடியவற்றுள் ஏறத்தாழ 700 கீர்த்தனைகள் இன்று கிடைக்கின்றன. 1847ஆம் ஆண்டில் மறைந்த அவருடைய சமாதி காவிரிக் கரையிலேயே அமைந்தது. ஆண்டுதோறும் பெரும்பாலும் சனவரி மாதத்தில் நடைபெறும் ஆராதனையில் நூற்றுக்கணக்கான இசைக் கலைஞர்கள் ஒன்றாக அமர்ந்து, நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, சிறீ ஆகிய ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகின்றனர்.

இன்று அங்கே ஆண்களும் பெண்களும் சேர்ந்தே பாடுகின்றனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் நிலைமை வேறாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியாகராசரின் சமாதி பேணுவாரின்றிச் சிதைந்து கிடந்தது. அச்செய்தியை அறிந்து வருந்தியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்னும் பாடகி. அவர் தேவதாசி மரபில் பிறந்து, தம் குரலால் பெரும்பொருள் ஈட்டியவர். தாம் சேர்த்த செல்வத்தைக் கொண்டு சமாதியைச் சூழ்ந்த நிலத்தை வாங்கிக் கோயில் எழுப்பினார். 1925ஆம் ஆண்டில் திருப்பணி நிறைவேறியது.

ஆனால், அக்கோயிலைக் கட்டியவருக்கே ஆராதனையில் பாட இடம் தரப்படவில்லை. ஆராதனையை நடத்திய இரண்டு கட்சியினரும் பெண்கள் பாடுவதை ஏற்கவில்லை. நாகரத்தினம்மாள் மனம் தளரவில்லை. 1927ஆம் ஆண்டு முதல் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940ஆம் ஆண்டில் மூன்று அணிகளும் இணைந்தன; பெண்களின் குரலும் ஆராதனைப் பந்தலில் ஒலிக்கத் தொடங்கியது. 1952ஆம் ஆண்டில் மறைந்த நாகரத்தினம்மாளுக்குத் தியாகராசர் சமாதியின் அருகிலேயே நினைவிடம் உள்ளது.

இத்தடை தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. உலகப் புகழ்பெற்ற வியன்னா பில்ஆர்மோனிக் இசைக்குழு, 1997ஆம் ஆண்டில்தான் பெண் ஒருவரை முதன்முதலாக முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்த வகையில் திருவையாறு வியன்னாவைவிட அரை நூற்றாண்டு முந்திக்கொண்டது.

தமிழில் பாடுவதற்கு ஓர் இயக்கம்

தஞ்சையின் இசைச் செல்வத்தில் ஒரு குறையும் இருந்தது. மும்மூர்த்திகளின் பாடல்களில் மிகப் பெரும்பாலானவை தெலுங்கிலும் வடமொழியிலும் அமைந்தவை. அவர்களுக்கு முன்பே முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் ஆகிய மூவரும் தமிழில் கீர்த்தனைகள் பாடியிருந்தனர். ஆயினும், கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாடல்கள் கடைசியில் பாடும் சில்லறைப் பாடல்களாகவே நடத்தப்பட்டன. கேட்போர் தமிழர், பாடுவோரும் தமிழர், பாட்டு மட்டும் கேட்போருக்குப் புரியாத மொழியில் இருந்தது.

இந்நிலையை மாற்ற வழிகாட்டியவர்களுள் ஒருவர் தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர். சித்த மருத்துவரான அவர், மருந்து விற்று ஈட்டிய பொருளை இசை ஆராய்ச்சிக்குச் செலவிட்டார். 1912ஆம் ஆண்டு முதல் தஞ்சையில் இசை மாநாடுகளைத் தம் சொந்தச் செலவில் கூட்டினார். பழந்தமிழ் நூல்களில் கூறப்படும் பண்களே இன்றைய இராகங்களுக்கு அடிப்படை என்று விளக்கி, 1917ஆம் ஆண்டில் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் நூலை வெளியிட்டார். அது ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல். பின்னர் 1941ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு நடைபெற்றது. 1943ஆம் ஆண்டில் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாடல் தலைநிமிர்ந்து ஒலிப்பதற்கு இத்தனை பேர் உழைக்க வேண்டியிருந்தது.

மரத்திலிருந்து ஒலி

இசைப் பயணம் கருவி செய்வோரின் பட்டறையைப் பார்க்காமல் நிறைவடையாது. தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுகிறது. குடம், தண்டி, யாளி முகம் ஆகிய பகுதிகளைக் கைவினைஞர்கள் உளியால் செதுக்குகின்றனர். முழுவதையும் ஒரே மரத்தில் குடைந்து செய்தால் அது ஏகாந்த வீணை. பகுதிகளைத் தனித்தனியே செய்து பொருத்தினால் அது ஒட்டு வீணை. மெழுகின்மீது 24 மெட்டுகளைச் சரியான இடத்தில் பதிப்பதுதான் மிக நுட்பமான வேலை. காது தவறினால் கருவியே தவறிவிடும். 2013ஆம் ஆண்டில் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் நாதசுவரம் செய்யப்படுகிறது. அதற்கு ஆச்சா மரமே ஏற்றது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் நன்கு காய்ந்த ஆச்சா மரத்தூண்களையும் உத்திரங்களையும் தேடி வாங்கி, கடைந்து துளையிடுகின்றனர். ஒரு காலத்தில் ஒரு வீட்டின் கூரையைத் தாங்கிய மரம், பின்னர் திருமணங்களிலும் திருவிழாக்களிலும் இசையாக ஒலிக்கிறது. நரசிங்கம்பேட்டை நாதசுவரம் 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீட்டைப் பெற்றது.

பேராக்கில் ஒலித்த இசை

தைப்பூச நாளில் ஈப்போ குனோங் சீரோ அடிவாரத்தில் உள்ள கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்திற்குச் செல்வோர், காவடிகளுக்கு முன்னே நாதசுவரமும் தவிலும் உறுமியும் முழங்குவதைக் கேட்கலாம். நாதசுவரமும் தவிலும் தஞ்சைக் கோயில்களில் வளர்ந்த பெரிய மேளம். உறுமியும் உடுக்கையும் தப்பும் கிராமத்து மக்களின் கருவிகள். கப்பலில் வந்த தமிழர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை இசையையே தங்களோடு கொண்டுவந்தனர்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா என்றால் இரவில் கூத்து இருக்கும். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அரிச்சந்திரன், வள்ளி திருமணம் போன்ற கதைகள் பாடியும் ஆடியும் காட்டப்பட்டன. காலையில் பால் வெட்டியவர் இரவில் அரசன் வேடம் கட்டினார். பெட்ரோமாக்ஸ் விளக்கின் ஒளியில், பாய் விரித்து அமர்ந்த மக்கள் விடியும் வரை கண்விழித்துப் பார்த்தனர். மெலட்டூரில் நடப்பதும் இதுதான். வெனிசு நகரத்து ஓபராவும் இதுதான். கதையைப் பாட்டால் சொல்லும் கலை, அரண்மனையில் நடந்தால் உயர்ந்ததென்றும் தோட்டத்துத் திடலில் நடந்தால் தாழ்ந்ததென்றும் கருதுவது சரியன்று.

ஆயினும், ஒரு வேறுபாடு உள்ளது. வியன்னா ஓபரா அரங்கம் 1945ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் குண்டுவீச்சுக்கு இரையாகி எரிந்தது. பத்து ஆண்டுகளில் அதை மீண்டும் கட்டி, 1955ஆம் ஆண்டு நவம்பரில் பேத்தோவனின் ஒரே ஓபராவான ‘பிடேலியோ’வுடன் திறந்தனர். அரங்கம் எரிந்தபோதும் ஓபராக்கள் அழியவில்லை. ஏனெனில், அவற்றின் சொல்லும் இசையும் தாளில் எழுதப்பட்டிருந்தன. தஞ்சை நால்வரின் உருப்படிகளும் தியாகராசரின் கீர்த்தனைகளும் சீடர்களின் நினைவிலும் ஏட்டிலும் காக்கப்பட்டதால்தான் இன்று நமக்குக் கிடைக்கின்றன.

பேராக் தோட்டங்களில் ஒலித்த பாடல்களுக்கு அத்தகைய பாதுகாப்பு அமையவில்லை. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. மக்கள் ஈப்போ, புந்தோங், தைப்பிங் என்று நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்தனர். கூத்துக்கு ஒரு திடல் வேண்டும். கூடிப் பார்க்க ஓர் ஊர் வேண்டும். லயம் கலைந்தபோது அந்த ஊரும் கலைந்தது. வாத்தியாராக இருந்து கூத்துப் பழக்கியவர்கள், தாலாட்டும் ஒப்பாரியும் பாடியவர்கள், பால்மரக் காட்டில் பாட்டுக் கட்டியவர்கள் ஆகியோருள் பலரின் பெயர்கள்கூட இன்று எந்த ஏட்டிலும் இல்லை.

இக்குறையை ஓரளவேனும் நீக்கும் வேலை மாணவர்களாலும் இயலும். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. வீட்டிலோ அண்டை வீட்டிலோ தோட்டத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவர் இருப்பார். அவரிடம் தாத்தா, பாட்டி என்று அன்போடு அமர்ந்து கேட்டால், அவருக்குத் தெரிந்த பாடலைப் பாடிக் காட்டுவார். கைப்பேசியில் அதைப் பதிவு செய்யலாம். பாடியவரின் பெயர், அவர் வாழ்ந்த தோட்டம், பாடல் எந்த நிகழ்வில் பாடப்பட்டது, யாரிடம் கற்றுக்கொண்டார் என்னும் நான்கு செய்திகளையும் அவருடைய இசைவுடன் குறித்துவைக்கலாம். புரியாத வட்டாரச் சொற்களுக்குப் பொருள் கேட்டு எழுதலாம். ஒரு வகுப்பில் உள்ள ஒவ்வொரு மாணவரும் ஒரு பாடலைத் திரட்டினால், பள்ளி நூலகத்தில் ஒரு சிறிய இசைப் பேழை உருவாகிவிடும்.

வாய்ப்புக் கிடைக்கும்போது தஞ்சைக்குச் சென்று பெரிய கோயிலையும் மேல வீதியையும் திருவையாற்றையும் கண்டுவருதல் நன்று. அங்கே விமானத்தின் உயரத்தைப் பார்த்த பின், சற்றுக் குனிந்து சுவரில் உள்ள எழுத்துகளையும் பார்க்க வேண்டும். மாமன்னன் ஒருவன், உடுக்கை வாசித்தவரையும் மறக்காமல் அவருக்குரிய பங்கைக் கல்லில் எழுதச் செய்தான். பேராக் தோட்டங்களில் உடுக்கை வாசித்தவர்களின் பெயர்களை எழுதும் பணி, அவர்களை நேரில் அறிந்தவர்கள் வாழும் காலத்திலேயே செய்து முடிக்க வேண்டிய பணியாகும்.